பொழுது சாயும்வரை மட்டும்

அமெரிக்காவில் சூரியன் மறைந்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதி வாங்கிய வானொலி நிலையங்கள் இருந்தன. கேட்டால் கதை விடுவது போலத்தான் இருக்கும். ஆனால் அச்சடித்த தாளில் மாதவாரியாக நேரம் போட்டிருப்பார்கள்: ஜனவரிக்கு ஒன்று, பிப்ரவரிக்கு ஒன்று என்று பன்னிரண்டு மாதத்துக்கும் உதயம், அஸ்தமனம், கால் மணி நேரக் கணக்குக்கு முழுமையாக்கியது. அயோவா மாதிரி வடக்கத்திய மாநிலத்தில் டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வேலை முடிந்தவர்கள் காரைக் கிளப்பி ரேடியோவைத் திருகும் நேரம் அது. விளம்பரம் கொடுப்பவர் கொஞ்சம் கூடுதல் காசு தர யோசிக்காத நேரமும் அதுதான். சரியாக அப்போதுதான் உள்ளூர் நிலையம் கடையைச் சாத்தும்.

பகல் நிலையங்கள் என்று இவற்றுக்குப் பெயர். இன்றைக்கு முழுக்க வாயடைக்கச் சொல்வது குறைந்துவிட்டது. 1980-களில் பலவற்றுக்கும் ராத்திரியில் கொஞ்சம் சக்தி பிச்சை போட்டார்கள். பிச்சை என்று தெரிந்துதான் சொல்கிறேன். பகலில் 1,000 வாட்டில் ஒலிபரப்பும் நிலையத்துக்கு ராத்திரி 20 வாட், 30 வாட். சிலதுக்குப் பத்துக்கும் கீழே. நம் வீட்டு மிக்ஸி 750 வாட். ஒரு தாலுகா முழுக்கக் கேட்க வேண்டிய வானொலிக்கு மிக்ஸியில் சட்னி அரைக்கும் சக்தியில் ஒரு துளிகூடக் கிடையாது.

எனக்குத் தானியக் கிடங்குகளில் எடைமேடை பொருத்தி, பழுது பார்க்கும் வேலை. அயோவா, நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா என்று காரிலேயே சுற்றுகிற பிழைப்பு. ஊருக்கு ஊர் ஒரு கிடங்கு, ஒரு தேவாலயம், ஒரு பெட்ரோல் பங்க். கொஞ்சம் பெரிய ஊராக இருந்தால் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒற்றை டவர். டவரைப் பார்த்தால் கை தானாக ஏஎம்முக்குப் போகும். நம் ஊரில் மீடியம் வேவ் என்றும் மத்திய அலை என்றும் சொன்ன அதே சங்கதிதான்.

இந்தச் சின்ன நிலையங்களில் என்ன வருகிறது என்று அமெரிக்க நகரத்துக்காரர்களுக்கே தெரியாது. காலையில் பன்றி விலை, சோயா விலை. அப்புறம் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு மதியம் என்ன சாப்பாடு. அப்புறம் இரங்கல் செய்தி: இன்னார் காலமானார், அடக்கம் சனிக்கிழமை பத்து மணிக்கு, அதன் பின் தேவாலய அடித்தளத்தில் மதிய உணவு. ஒன்பது மணிக்குமேல் மாற்றுச் சந்தை. நேயர்கள் போனில் வந்து, "பழைய உறைபெட்டி ஒன்று இருக்கிறது, ஓடுகிறது, இறக்கிக்கொண்டு போக ஆள் நீங்களே கூட்டிவர வேண்டும்" என்பார்கள். ஒரு முறை ஓர் அம்மாள் தன் காணாமல் போன நாயின் அடையாளங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், "ஆனால் யார் கூப்பிட்டாலும் போய்விடும், அதுதான் பிரச்சினை" என்றார். அறிவிப்பாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் காரை ஓரமாக நிறுத்தினேன்.

அந்த நிலையத்தின் குரல் நாற்பது மைல் தாண்டுவதற்குள் கரகரத்து அடங்கிவிட்டது. நான் சொல்ல வருவதே இதைப் பற்றித்தான். இந்த நிலையங்களை நசுக்கியதும் அந்த எல்லைதான், இவற்றை இப்படிப் பேச வைத்ததும் அதே எல்லைதான். முப்பது மைலுக்குள் மட்டும் கேட்கும் என்றால் அந்த முப்பது மைலைப் பற்றித்தானே பேச முடியும்?

எல்லை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மத்திய அலை பகலில் தரையோடு ஒட்டி ஓடும். எவ்வளவு தூரம் என்பது டவரின் சக்தியைவிட மண்ணின் தன்மையைப் பொறுத்தது. ஈரமான கரிசல் மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அலையும் நெடுந்தூரம் போகும். பாறையும் சரளையுமான பூமியில் சீக்கிரம் செத்துவிடும். அலைவரிசை எண் குறையக் குறையத் தூரம் கூடும். தெற்கு டகோட்டாவின் யாங்க்டனில் 1922-இல் தொடங்கிய டபிள்யூஎன்ஏஎக்ஸ் 570 கிலோஹெர்ட்ஸில் வெறும் 5,000 வாட்டில் ஓடுகிறது. நாலைந்து மாநிலங்களில் பகலிலேயே கேட்கும். கீழே சமவெளி மண், டயலில் அடிமட்ட இடம்: இரண்டும் வாய்த்த அதிர்ஷ்டக்காரர்கள். அதே 5,000 வாட்டை நியூ இங்கிலாந்துப் பாறைமேல் 1500-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பக்கத்து மாவட்டம்கூடத் தேறாது.

மண்ணைவிடவும் நல்ல கடத்தி உப்புத் தண்ணீர். இது எனக்குப் புத்தகம் சொல்லி வந்த அறிவு இல்லை. நான் பிறந்தது தொண்டிப் பக்கம். எங்கள் வீட்டு மர்ஃபி ரேடியோவில் திருச்சியைவிட இலங்கை வானொலி பட்டப்பகலில் தெளிவாகக் கேட்கும். இடையில் இருப்பது பாக் நீரிணை, முழுக்க உப்புத் தண்ணீர். அப்பா அதைச் சிலோன்காரனின் கெட்டிக்காரத்தனம் என்பார். பாதி கெட்டிக்காரத்தனம்தான், மீதி கடல். நம் அரசாங்கமும் பிற்பாடு அந்தக் கடலை நம்பித்தான் தூத்துக்குடியில் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை 1053 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தியது. இதை அமெரிக்க ரேடியோக்காரரிடம் சொன்னால் புருவத்தை உயர்த்துவார். அவர்கள் நாட்டில் எவ்வளவு பெரிய ஏஎம் நிலையத்துக்கும் உச்சவரம்பு 50 கிலோவாட்.

இது பகல் கதை. ராத்திரிக் கதை வேறு. வானத்தில் அயனி மண்டலம் என்று பல அடுக்குகள் இருக்கின்றன. பகலில் கீழடுக்கு, மேலே ஏறும் மத்திய அலையை உறிஞ்சிவிடும். சூரியன் போனதும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அலை இன்னும் மேலே போய், மேலடுக்குகளில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வந்து இறங்கும். அதாவது மாலை ஐந்து மணிவரை தன் மாவட்டத்தைத் தாண்டாத நிலையம், ஆறு மணிக்கு மூன்று மாநிலம் தள்ளி இன்னொருவர் அலைவரிசையில் போய் இரைச்சல் போடும். தன் ஊரிலோ அந்த இன்னொருவரின் இரைச்சல் வந்து உட்காரும். யாருக்கும் லாபமில்லை.

இதற்கு ஒரு தீர்ப்பு 1928-லேயே எழுதப்பட்டுவிட்டது. அன்றைய ஃபெடரல் ரேடியோ கமிஷனின் 40-ஆம் எண் பொது ஆணை, 96 அலைவரிசைகளில் 40-ஐ வெட்டவெளிப் பாதைகளாக ஒதுக்கியது. ராத்திரியில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெரிய நிலையம். சிகாகோவின் டபிள்யூஜிஎன், டபிள்யூஎல்எஸ், நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம், டெ மாய்னின் டபிள்யூஎச்ஓ எல்லாம் அப்படி வளர்ந்த ஜமீன்தார்கள். சின்சினாட்டியின் டபிள்யூஎல்டபிள்யூ ஒருபடி மேலே போய், 1934 முதல் 1939 வரை சோதனை உரிமத்தில் 500 கிலோவாட் போட்டது. கனடாவில் டொரொண்டோ நிலையத்தின் மேலேயே போய் ஏறிவிட்டது என்று புகார் வந்து, ராத்திரியில் அடக்கி வாசிக்க வேண்டியதாயிற்று.

ஜமீன் முறைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்தில் எந்த நிலையமும் இல்லாத பண்ணை வீட்டுக்காரனுக்கு ராத்திரி ஏதாவது ஒன்று கேட்க வேண்டும் என்றால், வானத்தை யாராவது ஒருவருக்கு விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும்தான் கணக்கு குழம்பியது. போரில் ரேடியோ படித்துத் திரும்பிய இளைஞர்கள், கையில் கொஞ்சம் காசு வைத்திருந்த உள்ளூர் வியாபாரிகள், எல்லோரும் உரிமம் கேட்டார்கள். ஐந்தே ஆண்டில் ஏஎம் நிலையங்களின் எண்ணிக்கை இரட்டிப்புக்கும் மேல் ஆனது. இடம் எங்கே? ஜமீன்தார்களின் அலைவரிசைகளில் பகலில் மட்டும் ஓரமாகக் குந்திக்கொள்ளச் சொன்னார்கள். பகல் நிலையங்கள் பெருகிய வழி இதுதான்.

மீதிப் பேருக்கு 1230, 1240, 1340, 1400, 1450, 1490 என்று ஆறு அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள். முன்பு 250 வாட், இப்போது 1,000 வாட். இவர்கள் ராத்திரியிலும் ஒலிபரப்பலாம், ஆனால் கேட்கத்தான் முடியாது. ரேடியோக்காரர்கள் இந்த ஆறையும் இடுகாடு என்றே சொல்கிறார்கள். ராத்திரி 1340-ஐத் திருகிக் கேட்டுப் பாருங்கள். பத்திருபது குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு சொல்லும் பிடிபடாமல், கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முந்துகிற சத்தம் கேட்கும். நடுவே திடீரென்று ஒரு குரல் தலைதூக்கி, "இது..." என்று ஊர்ப் பெயரைச் சொல்லப் போகும்போது அமுங்கிவிடும். பொழுதுபோக்காக இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும்தான்.

போன வசந்தத்தில் அயோவாவில் அப்படி ஒரு பகல் நிலையத்தின் உரிமையாளரோடு பழக்கமானது. அவர் ஊர்க் கிடங்கில் எடைமேடை பழுது பார்க்கப் போயிருந்தேன். வாசலில் நின்ற டவரைப் பற்றிக் கேட்டேன். கிடங்கு மேலாளர் நேரே கூட்டிப்போய் விட்டுவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் பெரியவர் என்றே வைத்துக்கொள்கிறேன். எழுபதைத் தாண்டியவர். ஒரு செங்கல் கட்டடம். முன்னறை ஸ்டுடியோ, பின்னறை டிரான்ஸ்மிட்டர், இடையில் காபி மேசை. இரங்கல் செய்தி படிப்பது அவர் மனைவி. படிக்கும் முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் போட்டுப் பெயர் உச்சரிப்பைக் கேட்டுக்கொள்கிறார். "சாவுச் செய்தியில பேரைத் தப்பாச் சொல்லிட்டு, மறுநாள் அதே ஆளுகளை மளிகைக் கடையில பாக்க முடியுமா?" என்றார்.

பின்வாசல் வழியாக டவரைக் காட்டக் கூட்டிப்போனார். வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார். எஃப்எம்மில் டவர் என்பது ஆண்டெனாவைத் தூக்கி நிறுத்தும் கம்பம். ஏஎம்மில் அப்படி இல்லை, டவரேதான் ஆண்டெனா. இரும்புக் கோபுரம் முழுக்க மின்சாரம் ஓடுகிறது. அடியில் ஒரு பீங்கான் குமிழ். அத்தனை எடையும் அதன்மேல்தான் நிற்கிறது, தரையைத் தொடாமல். தொட்டுக்கொண்டு நின்றால் கை வெந்துவிடும் என்றார். ஒரு முறை அணில் ஒன்று வேலிக்கும் டவருக்கும் இடையில் பாலம் போட முயன்று நிலையத்தையே நிறுத்திவிட்டதாம்.

கண்ணுக்குத் தெரிகிற டவர் பாதிதான். மற்றப் பாதி மண்ணுக்குள். டவரின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல 120 தாமிரக் கம்பிகள் புதைத்திருப்பார்கள், ஒவ்வொன்றும் கால் அலைநீளம். 1400 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு கம்பி 53 மீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் ஆறு கிலோமீட்டருக்கும் அதிகமான தாமிரம். அந்தக் கம்பி வலை இல்லாமல் அலை தரையைப் பிடித்துக்கொண்டு ஓடாது. இதனால்தான் ஏஎம் நிலையத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், அதில் வேறெதுவும் கட்ட முடியாது. தாமிரத் திருடர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். பெரியவர் வயலில் ஒரு முறை ராத்திரியோடு ராத்திரியாகப் பல கம்பிகளை உருவிவிட்டார்கள். மறுநாள் நிலையம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பன்னிரண்டு மைல் தள்ளி இருந்தவர்கள் மட்டும், "என்ன, குரல் கம்மியிருக்கு?" என்று போன் போட்டார்கள்.

டவரையே தூக்கிக்கொண்டு போன கதையும் உண்டு. 2024 பிப்ரவரியில் அலபாமாவின் ஜாஸ்பர் ஊரில் டபிள்யூஜேஎல்எக்ஸ் என்ற 1240 ஏஎம் நிலையத்தின் 200 அடி டவரைக் காணவில்லை என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. புல் வெட்டப் போனவர்கள்தான் கண்டுபிடித்தார்களாம். 200 அடி இரும்பு எப்படிக் காணாமல் போகும் என்று சந்தேகத்தைக் கிளப்பியவர்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஊர் மக்கள் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது பெரும்பாலும் எஃப்எம்மில். அந்த எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வேறிடத்தில் பத்திரமாக இருந்தது. ஆனாலும் எஃப்எம்மையும் நிறுத்தச் சொல்லிவிட்டது எஃப்சிசி என்ற மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம். ஏஎம் ஓடாதபோது அதன் பெயரில் எஃப்எம் ஓடக்கூடாது.

இன்றைய சின்ன ஏஎம் நிலையத்தின் மொத்த நிலைமையும் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. 1970-களின் கடைசியில் அமெரிக்க நேயர்கள் ஏஎம்மைவிட எஃப்எம்மை அதிகம் கேட்கத் தொடங்கினார்கள். பாட்டு அங்கே போனது; பேச்சு இங்கே தங்கியது. ஏஎம்மிலும் ஸ்டீரியோ கொண்டுவரலாம் என்று 1980-களில் ஒரு முயற்சி நடந்தது. ஐந்து கம்பெனிகள் ஆளுக்கொரு தொழில்நுட்ப முறை வைத்திருந்தன. ஆணையம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போய், பின்வாங்கி, சந்தையே முடிவு செய்யட்டும் என்று கைகழுவியது. சந்தை தூங்கிவிட்டது. 1993-இல் ஒரு முறையை அதிகாரபூர்வமாக அறிவித்தபோது வாங்க ஆளில்லை.

அப்புறம்தான் எஃப்எம் மறு ஒலிபரப்பி என்ற யோசனை. 2009-இல் அனுமதித்தார்கள்: ஏஎம் நிலையம் தன் நிகழ்ச்சியை 250 வாட்டுக்கு மிகாத ஒரு சின்ன எஃப்எம்மிலும் போட்டுக்கொள்ளலாம். பகல் நிலையங்களுக்கு இது மறுபிறவி. கடந்த 24 மணி நேரத்துக்குள் ஏஎம் ஓடியிருந்தால் போதும், ராத்திரியில் ஏஎம் நின்ற பிறகும் எஃப்எம் ஓடலாம். பெரியவர் இதைச் சொல்லும்போது முகம் மலர்ந்தது. அவர் ஊரின் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்தாட்டம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு. ஊரே அதற்காகத்தான் வாரத்தை ஓட்டுகிறது. பல ஆண்டுகளாக அவர் ஆட்டத்தை டேப்பில் பதிந்து சனிக்கிழமை காலை போட்டுக்கொண்டிருந்தாராம், முடிவு தெரிந்தவர்களுக்கு. எஃப்எம் வந்த பிறகுதான் முதல்முறையாக நேரடி வர்ணனை.

சரி, எஃப்எம் வந்துவிட்டதே, அப்புறம் ஏஎம் எதற்கு? சட்டத்துக்காக. ஆறு கிலோமீட்டர் தாமிரமும், பீங்கான் குமிழும், டவர் விளக்கும், மாதா மாதம் மின்சாரக் கட்டணமும், யாரும் கேட்காத ஓர் அலையை உயிரோடு வைத்திருக்கச் செலவாகின்றன, பக்கத்தில் ஒரு சின்ன எஃப்எம் உரிமத்தோடு இருப்பதற்காக. பெரியவர் இப்படிச் சொல்வதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏஎம் முப்பத்தைந்து மைல் போகிறது, எஃப்எம் பத்து மைலில் முடிந்துவிடுகிறது, டிராக்டரில் இருக்கிற ஆள் இன்னும் ஏஎம்தான் கேட்கிறான் என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் புது டிராக்டர்களில் ஓடுகிறவன் போனைச் சொருகிக்கொண்டுதான் ஓட்டுகிறான் என்பதை நானும் கிடங்கில் பார்க்கிறேன்.

இந்த எஃப்எம் திட்டத்தை 2015-க்குப் பிறகு வேகப்படுத்தியவர்களில் முக்கியமானவர், எஃப்சிசி உறுப்பினராக இருந்து பின்னாளில் அதன் தலைவரான அஜித் பாய். இந்தியாவிலிருந்து போன மருத்துவர்களின் மகன். கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தன் ஊரின் கேஎல்கேசி 1540 ஏஎம்மைக் கேட்டு வளர்ந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். அதே 1540-இல் அயோவாவின் வாட்டர்லூவில் ஒரு 50 கிலோவாட் ஜமீன்தார் இருக்கிறார், பஹாமாஸில் இன்னொருவர். இருட்டிய பிறகு சின்ன நிலையத்துக்கு என்ன கதி என்பது அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத சங்கதி. ஆணையத்தின் உள்ளே ஏஎம்முக்காக அவரைப் போல வாதாடியவர்கள் குறைவு.

அதே அஜித் பாய் தலைவராக இருந்தபோதுதான், 2017 அக்டோபரில், பிரதான ஸ்டுடியோ விதி ரத்தானது. எந்த ஊருக்கு உரிமம் வாங்கினாயோ அந்த ஊரிலோ அருகிலோ ஆள் இருக்கிற ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்ற, எண்பது ஆண்டுக்கால விதி. மூன்றுக்கு இரண்டு வாக்கில் போனது. செலவு குறையும், சின்ன நிலையங்கள் பிழைக்கும் என்பது வாதம். சின்ன நிலையங்கள் சில பிழைத்தும் இருக்கலாம். ஆனால் டவருக்கு ஊர் இருக்கிறது, குரலுக்கு இல்லை என்ற நிலையைச் சட்டபூர்வமாக்கியது அந்த வாக்கு. அலை எட்டாமல் போனதைவிட இதைத்தான் நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். டெக்சஸில் பதிவான பிரசங்கம் அயோவா டவரிலிருந்து எவ்வளவு தூரம் கேட்டால் எனக்கென்ன?

இதற்கு முன்பே 1996-இன் தொலைத்தொடர்புச் சட்டம் வாசலைத் திறந்துவிட்டிருந்தது. நாடு முழுக்க ஒரு நிறுவனம் இத்தனை நிலையம்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பு போனது. சில ஆண்டுகளில் ஒரே நிறுவனத்தின் கையில் ஆயிரத்துக்கும் மேல். வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரில் 2002 ஜனவரி 18 அதிகாலை ரயில் தடம் புரண்டு அம்மோனியா கசிந்தது, ஒருவர் இறந்தார். ஊரின் ஆறு வணிக நிலையங்களும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். போலீஸ் போன் போட்டபோது எடுக்க ஆளில்லை என்று குற்றச்சாட்டு. போலீஸ்தான் அவசர அறிவிப்புக் கருவியைச் சரியாக இயக்கவில்லை என்று மறுப்பு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் நம் பெரியவர் ஊரில் இப்படி ஒரு சிக்கலே வராது. நள்ளிரவில் நிலையத்துக்கு அல்ல, நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

கார் கம்பெனிகள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். மின்சாரக் காரின் மோட்டாரும் இன்வெர்ட்டரும் மத்திய அலையில் இரைச்சல் கிளப்பும். தடுப்புப் போட்டுச் சரி செய்யலாம், செலவு பிடிக்கும். டெஸ்லா, பிஎம்டபிள்யூ, வால்வோ போன்றவர்கள் ஏஎம்மையே எடுத்துவிட்டார்கள். ஃபோர்டு 2023-இல் எடுக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதமே பின்வாங்கியது. புதுக் கார்களில் ஏஎம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று செனட்டர்கள் எட் மார்க்கியும் டெட் குரூஸும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். வேறெதிலும் ஒத்துப்போகாத இருவர். 2025 ஜனவரியில் மறுபடி அறிமுகம் செய்தார்கள். புயல் வந்தால் ஏஎம்தான் கைகொடுக்கும் என்பது அவர்கள் வாதம். 2024-இல் ஹெலீன் புயல் வடக்குக் கரோலினா மலைகளைப் புரட்டிப் போட்டபோது மின்சாரமும் செல்போனும் இல்லாமல் பேட்டரி ரேடியோவைத்தான் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள், உண்மை. ஆனால் ஏஎம் குமிழ் காரில் இருப்பதும், அதில் நம் ஊர் ஆள் பேசுவதும் வேறு வேறு. மசோதா முதலாவதை மட்டும்தான் காப்பாற்றும்.

காரைவிட எல்இடி விளக்கும் போன் சார்ஜரும்தான் நிஜமான எதிரிகள் என்பேன். பெரியவர் வீட்டுச் சமையலறையிலேயே அவர் நிலையம் கேட்பதில்லை. புது அடுப்புக்கு மேலிருக்கும் விளக்கைப் போட்டால் கிர்ர் என்று ஒரே சத்தம். அந்த அம்மாள் தன் குரலைத் திரும்பக் கேட்க விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் காபி போடுகிறார்.

காசு விஷயத்துக்கு வருவோம். விளம்பரம் கொடுத்தவை ஊர் வங்கி, இரும்புச் சாமான் கடை, மருந்துக் கடை, விதை வியாபாரி. வங்கியைப் பெரிய வங்கி வாங்கிவிட்டது, விளம்பரத்தை எங்கோ நகரத்தில் முடிவு செய்கிறார்கள். இரும்புச் சாமான் கடை, இருபது மைல் தள்ளி வால்மார்ட் வந்ததும் மூடியது. மாற்றுச் சந்தை ஃபேஸ்புக் குழுவுக்குப் போய்விட்டது. சவ அடக்க நிலையம் மட்டும் விளம்பரத்தை விடவில்லை என்று பெரியவர் சிரித்தார். ஏஎம்மின் மரணத்துக்கு எஃப்எம்மையும் இணையத்தையும் காரணம் காட்டுபவர்கள் கடைவீதியைப் பார்ப்பதில்லை. முப்பது மைல் வானொலிக்கு முப்பது மைலுக்குள் கடை வேண்டும்.

பெருநகர விளிம்பில் இருக்கும் நிலையங்களுக்கு எதிர்ப்பக்கத் தலைவலி: நிலம் விலை ஏறிவிட்டது. வாஷிங்டன் அருகே பெதெஸ்டாவில் டபிள்யூஎம்ஏஎல் நிலையத்தின் டவர்கள் நின்ற 75 ஏக்கர், 7 கோடி டாலருக்கும் மேல் வீடு கட்டும் நிறுவனத்துக்கு விலைபோனது. 2020 நவம்பரில் டவர்களை வெடிவைத்துச் சாய்த்தார்கள். அயோவா மக்காச்சோளக் காட்டில் அந்த விலை யார் தருவார்? ஆனாலும் பெரியவரிடம் வந்த தரகர் தெளிவாகச் சொல்லிவிட்டாராம்: உரிமத்தைவிட உன் நிலத்துக்கு மதிப்பு, நிலத்தைவிட உன் எஃப்எம்முக்கு மதிப்பு.

1990 வாக்கில் ஏஎம் நிலையங்கள் கிட்டத்தட்ட 5,000. இப்போது 4,400-ஐ ஒட்டி. எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய சரிவாகத் தெரியாது. ஆனால் அந்த 4,400-இல் எத்தனை இடத்தில் காலையில் ஓர் ஆள் வந்து கதவைத் திறக்கிறார் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. தொடர்ந்து 12 மாதம் மௌனமாக இருந்தால் உரிமம் தானாகவே காலாவதியாகும். அதைத் தவிர்க்க, வருடத்துக்குச் சில நாள் மட்டும் டிரான்ஸ்மிட்டரைப் போட்டு அணைக்கிறவர்களும் உண்டு.

பெரியவருக்கு ஒரு மகள், டென்வரில் செவிலி. வரமாட்டார். வேறு மாநிலத்திலிருந்து ஒரு மத ஒலிபரப்பு வலையம் கேட்டிருக்கிறது. செயற்கைக்கோளில் நிகழ்ச்சி வரும், ஸ்டுடியோ வேண்டாம், காபி மேசை வேண்டாம், அம்மாள் வேண்டாம். டவரை வைத்துக்கொள்வார்கள், எஃப்எம்முக்காக. அயோவா நிலையங்களின் உரிமம் 2029 பிப்ரவரி வரை இருக்கிறது, அதுவரை ஓட்டிப் பார்க்கிறேன், அப்புறம் விற்றுவிடுவேன் என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். பின்னறையிலிருந்து அம்மாள் குரல் கொடுத்தார்: "போன வாரம்தான் டிரான்ஸ்மிட்டருக்குப் புது மாட்யூல் வாங்கியிருக்கார். விலையைக் கேளுங்க."

கேட்டேன். பேச்சை மாற்றி எடைமேடை எப்படி வேலை செய்கிறது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.